ஈரம் காயாத பூனை

நடுவளவில் ஒரு பூனை இரவோடிரவாக நீலமாகிப்போன காலையில், அங்கே குடியிருந்தவர்கள் முதலில் கேட்டது அது எப்படி நடந்தது என்பதையல்ல, அந்தச் சாயம் துணியில் ஒட்டுமா என்பதைத்தான். அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த ஜெசிந்தா அக்கா குடத்தை அப்படியே விட்டுவிட்டு, வெள்ளைச் சேலையின் முந்தானை ஓரத்தை நனைத்து, படியில் உட்கார்ந்து முகம் துடைத்துக்கொண்டிருந்த பூனையின் முதுகில் அழுத்தித் தேய்த்துப் பார்த்தாள். முந்தானை வெள்ளையாகவே திரும்பி வந்தது. "ஒட்டலை," என்று வளவுக்கே கேட்கும்படி சொன்னாள். அதோடு ஆளாளுக்கு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. நடுவளவு என்பது எதிரெதிராக இரண்டு வரிசை வீடுகளும், பொதுவாக ஓர் அடிபம்பும், முற்றம் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய துணிக்கொடிகளும் உள்ள வாடகைக் குடியிருப்பு. அதன் முன்வாசல் மேலத்தெருவில் திறக்கும், பின்வாசல் கீழத்தெருவில் திறக்கும். மேலத்தெருவின் மின்கம்பங்களிலும் பாலத்துச் சுவரிலும் இளவட்டங்களின் மணிக்கட்டுக் கயிறுகளிலும் நீலமும் ஆரஞ்சும் பக்கம்பக்கமாக இருக்கும். கீழத்தெருவில் அதே இடங்களில் பச்சையும் ரோஸும் இருக்கும். எந்தக் காலத்தில் யார் இந்த நிறங்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை, ஆனால் ஒரு தெருவின் ஜோடி நிறம் மறு தெருவில் தென்பட்டால் அன்று சாயங்காலத்துக்குள் யாராவது ஒருவருக்கு மண்டை உடையும் என்பது எல்லாருக்கும் தெரியும். வளவில் இருந்தவர்கள் எங்கெங்கிருந்தோ பிழைக்க வந்தவர்கள், இரண்டு தெருவுக்கும் சொந்தமில்லாதவர்கள், ஆனால் இரண்டு தெருவின் கண்ணிலும் படுகிற இடத்தில் துணி காயப்போட வேண்டியவர்கள். ஆகவே நீலச் சேலைக்குப் பக்கத்தில் ஆரஞ்சுச் சட்டை காயக்கூடாது, பச்சைப் பாவாடைக்குப் பக்கத்தில் ரோஸ் துப்பட்டா காயக்கூடாது என்று ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். அப்படி அமைந்துவிட்டால் இடையில் போடுவதற்கென்றே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பழைய வெள்ளைத் துண்டு இருந்தது. அதற்கு நடுத்துணி என்று பெயர். உடம்பு துடைக்கவோ சட்டி இறக்கவோ அதை யாரும் எடுக்க மாட்டார்கள். வளவுக்கு வாழ வந்த பெண்கள், உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்கு முன்னால் நடுத்துணி எந்த ஆணியில் தொங்குகிறது என்பதைத் தெரிந்துகொண்டார்கள்.

பூனை கோமுவுடையது. முழுப்பெயர் சங்கரகோமதி. கல்லூரியில் விலங்கியல் படித்து முடித்துவிட்டு, எழுதிய வேலைப் பரீட்சைகளின் முடிவுக்காக வீட்டிலிருந்தாள். வகுப்பில் பெயர் கூப்பிடும்போது அவள் சொல்லும் பதில் முதல் பெஞ்சைத் தாண்டாது. வந்திருந்தும் வராதவளாகக் குறிக்கப்பட்ட நாட்கள் அவளுக்கு அதிகம், எழுந்துபோய் அதைத் திருத்தச் சொன்ன நாள் ஒன்றுகூட இல்லை. பேசாத வாய்க்கும் சேர்த்து அவளுடைய கண் வேலை செய்தது. சாப்பாட்டுக்கு முன்னால் தவளையும், நாயைக் கண்ட கோழியும், கோபத்தை மறைக்கும் மனிதரும் தொண்டையை ஒரே மாதிரித்தான் அசைக்கிறார்கள் என்பதைக் கவனித்து வைத்திருந்தாள், யாரிடமும் சொன்னதில்லை. ரெக்கார்டு நோட்டில் படம் போட்டே மூன்று வருடம் போயிற்று. அங்கே தமனி என்றால் சிவப்பு, சிரை என்றால் நீலம், மாற்றிப் போட்டால் கையெழுத்து கிடையாது. படிப்பு முடிந்த பிறகு அவளுக்கு இருந்த ஒரே பெரிய ஆசை, எதையாவது ஒன்றை வேண்டுமென்றே தப்பான நிறத்தில் தீட்டிப் பார்க்க வேண்டும் என்பதுதான்.

அதற்காகத்தான் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து பேன்சி ஸ்டோரில், வாயைத் திறக்காமல் விரலை நீட்டியே, இருப்பதிலேயே மட்டமான ஒரு டிராயிங் நோட்டும் ஒரு வாட்டர் கலர் டப்பாவும் வாங்கி வந்தாள். வடை மடித்துக் கொடுக்கும் தாளைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான்; தண்ணீர் பட்டால் நெளியும், அடுத்த பக்கம்வரை ஊறும். பிரஷ்ஷிலிருந்து மயிர் உதிரும். மாதிரிக்கு அவளுடைய பூனை தவிடுதான் கிடைத்தது. அரிசி மில்லில் தவிட்டு மூட்டைக்குள் கண் திறக்காமல் கிடந்ததை அம்மா முந்தானையில் சுற்றி எடுத்து வந்ததால் அந்தப் பெயர், நிறமும் அதே தவிட்டு நிறம். அசையாமல் உட்கார்ந்து கொடுக்கிற பூனையில்லை அது. தலையை வரைந்து முடிப்பதற்குள் வால் ஓட்டின் மேல் இருக்கும். ஆகவே கோமு பார்த்து வரைவதை விட்டுவிட்டு விளையாட ஆரம்பித்தாள். நிறைய தண்ணீர் தொட்டு ஒரு நீலக் குளம்போல உடம்பை ஊற்றி, அது தாளில் தானாகப் பரவி நிற்கிற இடத்தில் காதும் காலும் வைத்தாள். பிரஷ்ஷிலிருந்து உதிர்ந்த ஒரு மயிர் கன்னத்தில் ஒட்டிக்கொண்டதை எடுக்காமல் விட்டாள். மறுநாள் காலையில் தவிடு நீலமாக எழுந்து சோம்பல் முறித்தது. அதன் இடது கன்னத்தில் மீசை ஒன்று அதிகமாக இருந்தது.

சாயம் ஒட்டாது என்று தெரிந்த பிறகு வளவு அந்தப் பூனையைப் புதிதாக வந்த தெருக்குழாயைப்போல உபயோகப்படுத்த ஆரம்பித்தது. ஜெசிந்தா அக்கா பிளவுஸ் தைப்பவள். சேலைக்குப் பொருத்தமான துணி எது என்று முடிவு பண்ண முடியாமல் நிற்கிற பெண்களுக்கு, "நாளைக்கு வாங்க, பூனையில போட்டுக் காட்டுதேன்," என்று சொல்லிவிட்டு, கோமுவிடம் வந்து வயிறு மாம்பழ மஞ்சள், முதுகு மயில் கழுத்து என்று சொல்லிவிட்டுப் போவாள். தவக்காலத்துக்கு அவளே ஊதா கேட்டாள், நாற்பது நாளும் முடியாவிட்டாலும் வெள்ளிக்கிழமைகளிலாவது. கோயிலுக்குப் போகிற வீடுகள் ஆடி மாதத்துக்கு மஞ்சள் சொல்லிவைத்தன. எதிர்வீட்டில் இருந்த பேச்சிமுத்து மாமா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தான் பணியில் சேர்ந்த தேதி வருகிறது என்று ஒரு வாரம் சுற்றி வளைத்துப் பேசி, கடைசியில் காக்கி வேண்டும் என்று கேட்டார். அன்று காலையில் காக்கியாக வந்து படியில் உட்கார்ந்த பூனைக்கு அவர் எழுந்து நின்று சல்யூட் வைத்ததை வளவே பார்த்தது, யாரும் சிரிக்கவில்லை.

தீட்டிய தாளை வெயிலில் காயவைத்து நோட்டை மூடினால் சாயம் கெட்டியாக நிற்கும். ஒருநாள் மூட்டம் போட்டிருந்தது. சிவப்புத் தீட்டிய தாளை அவள் ஈரத்தோடு மூடிவிட்டாள். மறுநாள் தவிடு ஈரமாகவே எழுந்தது, எவ்வளவு துடைத்தாலும் காயவில்லை, நடந்த இடமெல்லாம் சிவப்புப் பாதம் பதிந்தது, உரசிய கதவெல்லாம் சிவப்புக் கோடு விழுந்தது. இரண்டு நாளைக்கு வளவில் சோப்புத் தட்டுப்பாடு. ஜெசிந்தா அக்கா வீட்டில் தைத்து வைத்திருந்த ஒரு பிளவுஸின் கையில் பாதம் விழுந்துவிட்டது, வந்த வாடிக்கைக்காரி இன்னொரு கையிலும் அதேபோல் வேண்டும் என்றாள். ஆனாலும் அதற்குப் பிறகு ஈரத் தாளை மூடக்கூடாது என்பது வளவின் சட்டமாயிற்று. தாள் ஊறி அடுத்த பக்கத்தில் இறங்கிய நிறம், அந்தப் பக்கத்துக்கு முறை வரும்போது பூனையின் மேல் லேசாகத் தெரியும். கழுவிய தட்டில் குழம்பு வாசனை மாதிரி நேற்றைய பூனை இன்றைய பூனைக்கு அடியில் இருக்கும். அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை.

எந்த நிறத்தில் இருந்தாலும் தவிட்டின் நடை மாறவில்லை. காலையில் பின்வாசல் வழியாகக் கீழத்தெருவுக்குப் போய் ஆறுமுகச்சாமியின் டீக்கடையில் பாலாடை தின்னும். ஒவ்வொரு கம்பத்திலும் முதுகைத் தேய்த்துக்கொண்டே வரும். பிறகு முன்வாசல் வழியாக மேலத்தெருவுக்குப் போய் இசக்கிமுத்துவின் மீன்கடையில் தலையும் செவுளும் தின்னும். அங்கேயும் ஒவ்வொரு கம்பத்திலும் தேய்க்கும். நிற்கிற ஆள் யாரானாலும் காலைச் சுற்றி ஒரு தரம் உரசிவிட்டுப் போகும். இரண்டு தெருவிலும் இப்படி இஷ்டத்துக்குப் போய்வர அந்த ஊரில் வேறு யாருக்கும் கொடுத்துவைக்கவில்லை.

ஆற்றங்கரை அம்மனுக்குக் கொடைத் திருவிழா வந்தது. இரண்டு தெருவுக்கும் பொதுவான ஒரே கோயில் அது. ஒரே நாளில் கும்பிடுவார்கள், ஆனால் ஆளுக்கொரு பக்கமாக நின்று கும்பிடுவார்கள். கொடைக்குக் கால்நாட்டிய வாரத்தில், ஒரு மத்தியானம், கோமு தலையை நீலமாகத் தீட்டினாள். நீலம் கழுத்தில் வந்து நின்றது. அதற்கு அடுத்து என்ன போட்டால் அந்த நீலம் இன்னும் கொஞ்சம் மூச்சு விடும் என்று யோசித்தபோது கை தானாக ஆரஞ்சைத் தொட்டது. இரண்டும் தாளில் சந்தித்த இடம் அவ்வளவு அழகாக இருந்தது. நினைவு தெரிந்த நாளிலிருந்து கொடியில் நடுத்துணி போட்டே வளர்ந்த பெண், அந்த இரண்டு நிறங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் எப்படி இருக்கும் என்பதைக் கம்பத்திலும் கயிற்றிலும் பயந்து பார்த்திருக்கிறாளே தவிர, ரசித்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை. ரசிப்பில் மறந்துபோனாள். வெயில் நன்றாக இருந்தது, தாள் நன்றாகக் காய்ந்தது.

மறுநாள் காலையில் தவிடு நீலத் தலையும் ஆரஞ்சு உடம்புமாகக் கீழத்தெரு டீக்கடைக்குப் பாலாடை தின்னப் போயிற்று.

யாரும் அதை அடிக்கவில்லை. பூனையைக் கொன்றால் ஏழு தலைமுறைக்குத் தீராது என்ற பயம் இரண்டு தெருவுக்கும் பொது. டீக்கடையில் டம்ளர்கள் கீழே வைக்கப்பட்டன, ஆறுமுகச்சாமி பாலாடைக் கிண்ணத்தைக் காலால் நகர்த்தி உள்ளே வைத்தார். தவிடு நடந்ததைப் புரிந்துகொள்ளாமல் எல்லார் காலையும் வழக்கம்போல் உரசிவிட்டு மேலத்தெருவுக்குப் போனது. அங்கே இசக்கிமுத்து அதற்கு முழு மீனே போட்டார். கழுத்தில் ஒரு கதம்பமும் கட்டி அனுப்பினார்கள்.

பொழுது சாய்வதற்குள் இரண்டு பேரும் வளவுக்கு வந்துவிட்டார்கள். முன்வாசலில் இசக்கிமுத்து, பின்னால் நாலைந்து இளவட்டங்கள். "தங்கச்சி, நல்ல காரியம் பண்ணியிருக்க," என்றார் கோமுவைப் பார்த்து. "கொடை முடியுறவரைக்கும் எங்க கலர்லயே நிக்கட்டும். மாத்திராத."

பின்வாசலில் ஆறுமுகச்சாமி. அவருக்குக் கோபத்தைவிட மனவருத்தம்தான் அதிகமாகத் தெரிந்தது. "பொறந்ததுலேருந்து எங்க கடைப் பாலைக் குடிச்ச சவம், இன்னைக்கு அவன் கலர்ல வந்து நிக்குது. கொடைக்கு முன்னாடி அது பச்சையும் ரோஸுமா எங்க தெருவுல நடக்கணும் தாயி. இல்லைன்னா பசங்களை நான் பிடிச்சு வைக்க முடியாது."

அவர்கள் போன பிறகு வளவு அடிபம்பைச் சுற்றிக் கூடியது. ஒரு தெருவுக்குத் தீட்டினால் மறு தெரு வரும்; இரண்டுக்கும் தீட்டாவிட்டால் இரண்டும் வரும். பேச்சிமுத்து மாமா, கொடையன்று காலை முதல் பஸ்ஸில் பூனையைச் சாக்கில் போட்டு எடுத்துப்போய் ஆற்றுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வருவதாகச் சொன்னார். சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை. ஜெசிந்தா அக்கா, வளவிலேயே சாயம் போகாத துணி இது ஒன்றுதான், இதையும் அனுப்பிவிட்டால் என்ன மிச்சம் என்று முணுமுணுத்தாள். பிறகு எல்லாரும் கோமுவின் அம்மா பகவதியைப் பார்த்தார்கள். பகவதி பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள்.

"ரெண்டு தெருப் பிள்ளையளுக்கும் நான் ஒரே சட்டியிலேருந்துதான் சோறு போடுதேன்," என்றாள் அவள். "நாளைக்கு ஒரு தெருப் பிள்ளை என் கையால சாப்பிட மாட்டேன்னு தட்டைப் பின்னால மறைச்சுக்கிட்டு நின்னா நான் என்ன செய்யட்டும்? போகட்டும். எங்கயாவது போய்ப் பொழைச்சுக்கிடும்."

அம்மாவின் தொண்டை அசைந்ததைக் கோமு பார்த்தாள்.

"தவிடு போகாது."

யார் சொன்னது என்று கொஞ்சநேரம் யாருக்கும் பிடிபடவில்லை. பேச்சிமுத்து மாமா முதலில் ஜெசிந்தா அக்காவைப் பார்த்தார், அவள் இல்லை என்று தலையாட்டினாள். "கோமுவா பேசுனது?" என்று கேட்டார். கோமு இன்னொரு தரம் சொன்னாள், கொஞ்சம்கூடக் குரலை உயர்த்தாமல், தாளில் எழுதி வைத்ததைப் படிப்பவள்போல. "தவிடு எங்கயும் போகாது, மாமா. கொடை வரைக்கும் எனக்கு விடுங்க."

விட்டார்கள். ஆனால் மாமா வீட்டு வாசலில் சாக்கு மடித்த வாக்கில் இருந்தது.

முதலில் அவள் செய்தது யார் வேண்டுமானாலும் செய்யக்கூடியதுதான். டப்பாவிலிருந்த வில்லைகளையெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் குழைத்து, மஞ்சளைக் கூட்டி, சிவப்பைக் குறைத்து, பழைய தவிட்டு நிறத்தைக் கொண்டுவந்து, அடுத்த பக்கத்தில் பூனையை அதன் சொந்த நிறத்திலேயே தீட்டிக் காயவைத்தாள். மறுநாள் காலையில் தவிடு தவிடாகவே எழுந்தது. வளவு மூச்சு விட்டது. மேலத்தெருவில் தங்கள் நிறத்தை அழித்துவிட்டாள் என்று சத்தம் எழுந்தது, அதைக்கூடச் சமாளித்திருக்கலாம். ஆனால் அந்தத் தாள் நல்ல தாள் இல்லையே. முந்தைய பக்கத்தின் நீலமும் ஆரஞ்சும் ஏற்கெனவே அதில் இறங்கியிருந்தன. வெயில் ஏற ஏற, தவிட்டின் தலையில் லேசான நீலமும் முதுகில் லேசான ஆரஞ்சும் தோலுக்கு அடியில் நரம்பு தெரிவதைப்போலத் தெரிந்தன. கீழத்தெருவுக்கு அது போதும். அன்று சாயங்காலம் வளவின் பின்வாசல் கதவில் ஒரு கல் வந்து விழுந்தது.

கோமு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் புரட்டினாள். முதல் நீலம், ஊதா, காக்கி, மாம்பழ மஞ்சள், எல்லாப் பக்கத்திலும் அதற்கு முந்தைய பக்கம் இருந்தது. இந்தத் தாளை வைத்துக்கொண்டு எதையும் மூட முடியாது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அழிக்கவும் முடியாது. வேறு என்ன முடியும் என்று பார்த்தாள். ஊறவைக்க முடியும்.

கொடைக்கு முந்தின நாள், வெயில் தாழ்ந்த பிறகு, அவள் பாயை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தாள். முற்றத்தின் நடுவில், துணிக்கொடிகளுக்குக் கீழே, இரண்டு வாசலுக்கும் தெரிகிற இடத்தில் விரித்து உட்கார்ந்தாள். ஒரு செம்பு தண்ணீர். டப்பா. நோட்டு. யாராவது பார்த்தால் சோற்றைக்கூட மென்று விழுங்கத் தெரியாத பெண் அவள். முன்வாசலில் மேலத்தெரு இளவட்டங்கள் வந்து நின்றார்கள், பின்வாசலில் கீழத்தெரு வந்து நின்றது. நீலத்தை மேலே வை என்று ஒரு பக்கத்திலிருந்தும், ரோஸைத் தலைக்கு வை என்று மறு பக்கத்திலிருந்தும் யோசனைகள் வந்தன. வாலை யாருக்குக் கொடுப்பது என்பதில் ஒரு சின்ன ஏலமே நடந்தது. அவள் காது சிவந்துபோயிற்று, ஆனால் பிரஷ்ஷைக் கீழே வைக்கவில்லை. முதலில் தாள் முழுவதையும் தண்ணீரால் நனைத்தாள். பிறகு நீலத்தை வைத்தாள், மேலத்தெரு கை தட்டியது. பச்சையை வைத்தாள், கீழத்தெரு விசிலடித்தது. ரோஸ் வைத்தாள், ஆரஞ்சு வைத்தாள், யாரும் கேட்காத மஞ்சளை வைத்தாள், ஜெசிந்தா அக்காவின் ஊதாவை வைத்தாள், மாமாவின் காக்கியைக் காதுக்குள் வைத்தாள், டப்பாவில் இருந்த அத்தனை வில்லையையும் அடி தெரிகிறவரை கரைத்து வைத்தாள். ஒன்றுக்கொன்று இடம் கொடுத்து, ஒன்றில் ஒன்று இறங்கி, எது எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாமல் அவை தாளில் ஓடின. கை தட்டலும் விசிலும் எப்போது நின்றன என்று அவளுக்குத் தெரியாது.

"காயவிடு பிள்ளே," என்றாள் ஜெசிந்தா அக்கா, பழக்கத்தில்.

கோமு அவளை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே, சொட்டச் சொட்ட, நோட்டை மூடினாள்.

கொடையன்று காலையில் பேச்சிமுத்து மாமா வெள்ளைச் சட்டையும் வெள்ளை வேட்டியுமாக, சாக்கோடு வந்தார். தவிடு படியில் உட்கார்ந்திருந்தது. எத்தனை நிறம் என்று எண்ணிச் சொல்ல முடியாது. மழையில் நனைந்த தெருவில் டீசல் சிந்தியதுபோல அதன் மேல் நிறங்கள் நகர்ந்துகொண்டே இருந்தன, மீசை நுனியிலிருந்து பச்சை சொட்டியது. மாமா குனிந்து இரண்டு கையாலும் தூக்கினார். சோப்புக் கட்டிபோல அது வழுக்கி அவர் நெஞ்சில் ஒரு தரமும் வயிற்றில் ஒரு தரமும் புரண்டு, சாக்கின் வாயில் கால் வைத்து, பின்வாசல் வழியாக வெளியே போயிற்று. மாமா தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். பிறகு சாக்கை வாசலில் விரித்துக் காலைத் துடைத்துக்கொண்டார். "பஸ் போயிருக்கும்," என்று சொன்னார்.

கோமு செருப்பு மாட்டாமல் பூனைக்குப் பின்னால் நடந்தாள். கீழத்தெருவின் கம்பங்களில் அது ஒவ்வொன்றாக முதுகைத் தேய்த்தது. பச்சைக்கும் ரோஸுக்கும் மேலே எல்லா நிறமும் கலந்த ஒரு பட்டை, பூனை உயரத்தில், கம்பம் கம்பமாக விழுந்துகொண்டே வந்தது. சுற்றிக்கொண்டு மேலத்தெருவுக்குப் போனது, அங்கேயும் விழுந்தது. பிறகு இரண்டு தெருவின் சனமும் கூடியிருந்த ஆற்றங்கரைக்குப் போயிற்று. மேளம் நடந்துகொண்டிருந்தது. வலது பக்கம் ஒரு தெரு, இடது பக்கம் ஒரு தெரு, அத்தனை பேரும் கொடைக்கென்று எடுத்த புது வெள்ளை வேட்டியில். நடுவில் விட்டிருந்த வழியில் தவிடு நுழைந்தது. நிற்கிற காலைக் கண்டால் உரசாமல் அதற்குப் போகத் தெரியாது. வலதில் ஒரு கால், இடதில் ஒரு கால் என்று ஊசி நூலை இழுத்துக்கொண்டு போவதுபோல் அது போனது.

மேளம் தடுமாறி நின்றது.

"யார் வீட்டுப் பூனை இது?" என்று ஒரு குரல் அதட்டியது. எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் கேட்க வேண்டுமல்லவா.

கோமு அந்த வழியின் நடுவில் நின்றாள். இருபுறமும் அவ்வளவு கண்கள். வருகைப் பதிவில் குரல் எட்டாமல் போன காலைகளெல்லாம் அவள் நினைவுக்கு வந்தன.

"என் பூனை," என்றாள். கடைசி வரிசைவரை கேட்டது. "அது எல்லாத் தெருவுக்கும் போகும். நாளைக்கும் போகும். காயவைக்க மாட்டேன்."

ஆறுமுகச்சாமி தன் வேட்டியைப் பார்த்தார், பிறகு எதிரே நின்ற இசக்கிமுத்துவின் வேட்டியைப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே இரண்டிலும் ஒரே கோடு. "வே," என்றார் மெதுவாக, "உம்ம வேட்டியில எங்க பச்சை ஒட்டியிருக்கு."

இசக்கிமுத்து குனிந்து பார்த்தார். தேய்த்துப் பார்த்தார், இன்னும் அகலமாயிற்று. "உம்ம வேட்டியில எங்க ஆரஞ்சு இருக்கே. அதைக் கழட்டிக் குடுத்திட்டுப் பேசும்."

முதலில் சிரித்தது பெண்கள் பக்கம். அது பொங்கல் பானை பொங்குவதுபோல ஓரத்திலிருந்து எழுந்து வழிந்தது; ஆண்கள் சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்தார்கள், ஆனால் அப்படிக் கடித்துக்கொண்டிருப்பவரைப் பார்த்தால் இன்னொருவருக்குச் சிரிப்பு வந்தது. மேளக்காரர், தன் தோலிலும் ஒரு கோடு விழுந்திருப்பதைத் துடைத்துவிட்டு, மறுபடி அடிக்க ஆரம்பித்தார்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. மறுநாளே இரண்டு தெருக்காரர்களும் பெயிண்ட் டப்பாவோடு வந்து கம்பங்களுக்குத் தங்கள் பட்டையைத் திரும்ப அடித்தார்கள். கோமு சாயங்காலம் தாளை நனைத்தாள், ஈரத்தோடு மூடினாள். காலையில் தவிடு போய்த் தேய்த்துவிட்டு வந்தது. அவர்கள் அடித்தார்கள், அவள் நனைத்தாள். இப்படியே ஆவணி போய்ப் புரட்டாசி வந்தது. பெயிண்ட் அடிக்கிற ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். பூனை உயரத்துக்கு மேலே பழைய நிறங்கள் இன்னும் இருக்கின்றன; பூனை உயரத்தை மட்டும் யாரும் தொடுவதில்லை.

அதற்கெல்லாம் முன்னால், கொடையன்று மத்தியானம் கோமு வளவுக்குத் திரும்பியபோது, தவிடு நிறம் சொட்டிக்கொண்டு முற்றத்தில் நின்றது. வாசலில் பகவதி நின்றிருந்தாள். போகட்டும் என்று சொன்னவள். அவள் பூனையைப் பார்த்தாள், சுற்றுமுற்றும் துணி தேடினாள். கைக்கெட்டியது கொடியில் கிடந்த நடுத்துணிதான், தன்னுடைய நீலச் சேலைக்கும் ஜெசிந்தாவின் ஆரஞ்சுப் பாவாடைக்கும் நடுவில் வெள்ளையாக. வெடுக்கென்று அதை உருவி, குனிந்து, பூனையைத் தலையிலிருந்து வால்வரை சுற்றித் துவட்டினாள். "இப்படியா ஈரத்தோட திரிவ, சவமே," என்றாள். தவிடு துணிக்குள் உறுமிக்கொண்டு கிடந்தது. கொடியில் நீலமும் ஆரஞ்சும் பக்கத்தில் பக்கத்தில் காற்றில் ஆடின. ஜெசிந்தா அக்கா பார்த்தாள், தன் வீட்டு நடுத்துணியை எடுத்து வந்தாள், கொடிவரை போனாள், பிறகு திரும்பி வந்து பூனையின் காலைத் துடைக்க அதையும் பகவதியிடம் நீட்டினாள்.

கொடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது வரிசையில் தட்டு நீட்டிய பிள்ளைகளின் கைகளெல்லாம் பூனையைத் தடவி வந்த கைகளாக இருந்தன. எந்தக் கை எந்தத் தெரு என்று பகவதிக்குத் தெரியவில்லை என்று சொன்னால் பொய். தெரிந்தது. ஆனால் மறைத்த தட்டு ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து இதைச் சொல்லாமல், நாளைக்கு என்ன கலர் என்று மட்டும் மகளிடம் கேட்டாள்.

நோட்டு தீர்ந்துபோயிருந்தது. கடைசிப் பக்கத்துக்கும் அட்டைக்கும்கூட நிறம் ஊறியிருந்தது. கோமு மேலத்தெரு வழியாக நடந்து பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து பேன்சி ஸ்டோருக்குப் போனாள். கடைக்கார அண்ணாச்சிக்கு இப்போது அவளைத் தெரியும். விரலை நீட்டுவாள் என்று காத்திராமல், உள்ளேயிருந்து கண்ணாடித்தாள் சுற்றிய ஒரு நோட்டை மரியாதையாக எடுத்து வந்து வைத்தார். வெளியூர்ச் சரக்கு, தாள் அட்டை மாதிரி இருக்கும், எவ்வளவு தண்ணீர் விட்டாலும் அடுத்த பக்கத்துக்கு ஒரு பொட்டு இறங்காது, அவளைப்போல் வரைகிறவர்களுக்கு இதுதான் லாயக்கு என்றார்.

கோமு அதைக் கையில் வாங்கி, ஒரு பக்கத்தைப் புரட்டி, விரலால் தடவிப் பார்த்தாள். நல்ல தாள். உண்மையிலேயே நல்ல தாள். மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

"இது வேண்டாம் அண்ணாச்சி," என்றாள். "ஊறுறது குடுங்க."